பதினேழாம் கேள்வி

படிவத்தில் அது ஒரே சொல்.
பெட்டர்.
கீழே மூன்று வட்டங்கள்:
ஆமாம், இல்லை, அப்படியே.
போன ஆண்டோடு ஒப்பிட்டு வருமானம்
என்று சாய்ந்த எழுத்தில் ஒரு வரி.

சின்னப்பாலத்துக் கரையில் கடல் வத்திக் கிடந்தது.
நம்புநாயகி விரல்களில் சுற்றிய துணியை
ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் தகரம் வைத்துக் கட்டிய செருப்பு.
முகத்தில் கண்ணாடி அழுத்திய தடம்,
இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரே சிவப்பு வளையம்.
மூட்டையில் மரிக்கொழுந்துப் பாசி,
பேருக்குத்தான் மரிக்கொழுந்து,
வாடை வேறு.

"போன வருசத்தைவிட இந்த வருசம் நல்லா இருக்கா?"

"போன வருசத்த எங்கம்மா விட?
அது கூடவேல்ல வருது.
ஏவாரிகிட்ட வாங்குன முன்பணம்
போன வருசத்துதான்."

தமிழில் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட
முதலாவதை விட்டாக வேண்டும்.
பள்ளியில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
எதைவிட என்று சொல்லும்போதெல்லாம்
எதையோ கரையில் இறக்கிவிட்டுத்தான்
வந்திருக்கிறேன் போலும்.

சொல்லை மாற்றினேன்.
போன வருசத்தைக் காட்டிலும்...

"காட்டிலயா?" சிரித்துவிட்டாள்.
"கடலத்தான் காடுன்னுட்டாகளே.
தீவுப் பக்கம் போனா வனத்துறைப் போட்டு.
மரமில்லாத காட்டுல
நாங்க பாசி திருடுறவுக."
இதற்குப் படிவத்தில் இடமில்லை.
'பிற' என்ற கட்டம்கூட
பத்தாம் கேள்வியோடு முடிந்துவிட்டது.

பார்க்கிலும் என்றொரு சொல் மிச்சமிருந்தது.
அதை நான் எடுக்கவில்லை.
கலங்கல் நாளில் தண்ணீருக்கடியில்
ஒரு முழத்துக்கு மேல் தெரியாதாம்.
அந்த ஒரு முழத்தில் பார்ப்பதைத்தான்
பிடுங்க முடியும்.

அலுவலகத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள்,
பெட்டர் என்றே கேளுங்கள், எல்லாருக்கும் தெரியும் என்று.
கேட்டேன்.

"தெரியுமே. எம் மகன் திருப்பூர்லேர்ந்து சொல்லுவான்.
சாப்புட்டியாடான்னா, பெட்டரும்மா.
சம்பளம் போட்டாகளான்னா, பெட்டரும்மா.
பொய்யிக்கு இங்கிலீசுல
அதான் பேருன்னு நெனச்சிருந்தேன்."

அப்போது மூட்டையைப் பொத்தென்று போட்டபடி
பூமயில் வந்து உட்கார்ந்தாள்.
தலையைச் சாய்த்து உள்ளங்கையால் தட்டினாள்,
காதிலிருந்து கொஞ்சம் கடல் வந்தது.

"எப்பிடிடி இருக்கு காது?"
"நேத்துக்கு இன்னிக்குத் தேவல."

எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.
நேத்தைவிட இல்லை. நேத்தைக் காட்டிலும் இல்லை.
நேத்துக்கு.
கூலி கொடுப்பதுபோல,
பிள்ளைக்குச் சோறு வைப்பதுபோல,
நேற்றுக்கு இன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு
அவள் வெற்றிலைப் பையைத் தேடினாள்.
வலி போய்விட்டது என்று சொல்லவில்லை.
நாளைக்கு என்ன என்றும் சொல்லவில்லை.
ஆனால் என் படிவம்
காதைப் பற்றியது இல்லை.

பதினேழு காலியாக இருந்தால்
பதினெட்டுக்குப் போகாது இந்தக் கருவி.
"தண்ணி ஏறுது, முடிச்சுட்டியா?" என்றாள் நம்புநாயகி.
நீங்களே ஒன்றைத் தொடுங்கள் என்று நீட்டினேன்.

தொட்டாள். திரை அசையவில்லை.
சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டாள்.
பாறையும் பாசியும் தேய்த்த விரல்,
ரேகையென்று ஒன்று
அதில் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

"ரேசன் மிசினும் இப்பிடித்தான்,
என்னைய ஆளுன்னு ஒத்துக்கிறாது.
நீயே எதுலயாச்சும் வையி."

வைத்தேன்.
எந்த வட்டம் என்று இப்போது நினைவில்லை.
பஸ் மண்டபம் தாண்டும்போது பார்த்தேன்,
அவள் தொட்ட இடத்தில் உப்பு காய்ந்து
சின்னதாய் ஒரு வெள்ளை.
மூன்று வட்டத்திலும்
கொஞ்சம் கொஞ்சம் பட்டிருந்தது.